மாவலிபுரத்துக்கு ஒரு தோணிச் செலவு

பழைய மாணவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் முதல் அரை மணி நேரம் வாத்தியார்களைப் பற்றிப் பேச்சு நடக்கும். அடுத்த அரை மணி நேரம் சர்க்கரையும் மூட்டுவலியும். அதுவும் ஓய்ந்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார்: "எல்லாரும் குடும்பத்தோட எங்கேயாவது போயிட்டு வரலாமே!" உடனே ஆலப்புழை, படகு வீடு, கரிமீன் என்று பேச்சு சூடு பிடிக்கும். ஒருவர் வாடகை விசாரிக்கிறேன் என்பார். இன்னொருவர் ரயில் டிக்கெட் என் பொறுப்பு என்பார். பிறகு பேரனுக்குப் பரீட்சை, மருமகளுக்கு லீவு இல்லை என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். சங்க இலக்கியத்தில் 'செலவழுங்கல்' என்று ஒரு துறை உண்டு. புறப்படத் துணிந்த தலைவன் மனசு மாறிப் பயணத்தை நிறுத்திவிடுவது. தமிழ் வகுப்பில் தூங்கினவர்களும் வாழ்க்கையில் அந்தத் துறையை நன்றாகவே கற்றுத் தேர்ந்துவிட்டோம்!

செலவு என்றால் பழந்தமிழில் பயணம். செல்வதால் செலவு. காசு செல்வதும் செலவுதானே என்று பிற்காலத்தில் அந்தச் சொல் பணத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு பொருளையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முடியும் வரை தேவைப்படும்.

தண்ணீரில் ஒரு உல்லாசப் பயணம் போக நம் ஊர்க்காரர்கள் கேரளத்துக்கு ரயில் ஏற வேண்டிய அவசியம் ஒரு காலத்தில் இருக்கவில்லை. திருவல்லிக்கேணி மேற்கே கிடக்க, மெரினா கிழக்கே கிடக்க, நடுவில் ஒரு நீர்வழி ஓடியது. அதில் தோணி போயிற்று. வாடகைக்குத் தோணி பேசிக்கொண்டு, கட்டுச்சோறும் ஜமக்காளமுமாக மாமல்லபுரம் போய் வந்தார்கள். இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு அந்த நீர்வழி எது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறினால் கீழே கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான். பக்கிங்காம் கால்வாய்.

கால்வாய் வந்த கதை

இது ஒரே மூச்சில் வெட்டிய கால்வாய் அல்ல. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய துண்டு முதலில் வந்தது. 1806-லேயே அது வந்துவிட்டது. அவர் பெயராலேயே 'காக்ரேன் கால்வாய்' என்றார்கள். பிறகு அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-ல் அரசாங்கம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அதன் பின் வடக்கே ஆந்திரக் கரையோரமாகப் பெத்தகஞ்சாம் வரை, தெற்கே மரக்காணம் வரை துண்டு துண்டாக வளர்ந்தது. மொத்த நீளம் ஏறத்தாழ 420 கி.மீ. வட கோடியில் கிருஷ்ணை, கோதாவரிக் கால்வாய்களோடும் இதற்குத் தொடர்பு உண்டு. அதாவது காக்கிநாடாவில் தோணி ஏறினால் கடலில் கால் வைக்காமல் சென்னை வந்து சேரலாம். ஸ்ரீஹரிகோட்டாவில் இன்று ராக்கெட் கிளம்புகிறது. அன்று அங்கிருந்து கிளம்பியது விறகுத் தோணி. சென்னையின் அடுப்புகளில் எரிந்த விறகில் பெரும் பங்கு இந்தக் கால்வாய் வழியாக வந்ததுதான். உப்பு, நெல், கிளிஞ்சல் எல்லாம் இதே வழி.

ஆனால் நகரத்துக்குள் ஒரு குறை இருந்தது. வடக்குக் கால்வாய் கூவத்தோடு நின்றது. தெற்குக் கால்வாய் அடையாற்றில் தொடங்கியது. நடுவில் சுமார் 8 கி.மீ. வெறும் தரை. அந்த எட்டு கிலோமீட்டரில்தான் சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் இருக்கின்றன. நம் பேட்டைக்குக் கால்வாய் வந்தது எப்படி என்பதுதான் இந்தக் கதையில் நாம் மறக்கக்கூடாத பகுதி.

தாது வருஷம்

பாட்டி காலத்துப் பேச்சில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாய் மாகாணமும் பஞ்சத்தில் வெந்தன. செத்தவர்கள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் சுமார் 55 லட்சம் என்று ஒரு கணக்கு. கிராமங்களை விட்டு ஜனங்கள் நகரத்தை நோக்கி நடந்தார்கள்.

அரசாங்கம் சும்மா சோறு போடவில்லை. 'வேலை செய்தால் கூலி' என்ற நிவாரண வேலைகளைத் திறந்தது. செலவைக் குறைக்க ஆலோசனை சொல்ல வந்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். 1877 ஜனவரியில் அவர் நிர்ணயித்த கூலி, நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு 1 பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஒரு அணா. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. மண் வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். மார்ச் மாதம் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்து, 570 கிராம் தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று உயர்த்தியது. பசித்தவன் தட்டில் விழுந்த அந்த 120 கிராமுக்காக இரண்டு அதிகாரிகள் மாதக் கணக்கில் காகிதப் போர் நடத்தினார்கள் என்பது சரித்திரம்.

அந்தப் பஞ்ச நிவாரண வேலைகளில் ஒன்றாக 1877-78-ல் வெட்டப்பட்டதுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நம் பேட்டைக் கால்வாய். அப்போது ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். அவர் 1875 முதல் 1880 வரை இங்கே இருந்தார். கால்வாய்க்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தக் கல்லிலும் இல்லை.

இந்த நடுத்துண்டு முடிந்த பிறகுதான் வடக்கிலிருந்து வரும் தோணி சரக்கை இறக்கி வண்டியில் ஏற்றாமல் நேரே தெற்கே போக முடிந்தது. சரக்குத் தோணிக்கு வழி கிடைத்தபோது உல்லாசத் தோணிக்கும் வழி கிடைத்தது.

பயணத் திட்டம்

இன்று மாமல்லபுரம் போக வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரம். அன்று அந்தச் சாலை கிடையாது. ரயிலில் செங்கற்பட்டு போய், அங்கே இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக ஜட்காவிலோ மாட்டு வண்டியிலோ குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். சுமார் 29 கி.மீ. இடுப்பு ஒடிந்துவிடும். அதனால்தான் 'செவன் பகோடாஸ்' பார்க்க வந்த வெள்ளைக்காரர்களுக்குப் பயணக் கையேடுகள் கால்வாய்த் தோணியைச் சொல்லின. சாயங்காலம் ஏறு, இரவு தோணியிலேயே தூங்கு, விடிந்ததும் ஊர் சுற்று.

அந்தத் திட்டம் ஏன் அப்படி அமைந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூரம் சுமார் 55 கி.மீ. தோணியின் வேகம் மனிதன் நடக்கும் வேகம்தான், மணிக்கு நாலு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, பதினாலு மணி நேரம். காலையில் கிளம்பினால் வெயிலில் காய்ந்து கருவாடாகி இருட்டில் போய் இறங்குவோம். சாயங்காலம் கிளம்பினால் கடற்காற்று, இரவுத் தூக்கம், காலையில் சிற்பம். மூளையுள்ளவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

காற்றும் கணக்கில் வரும். ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு வடகிழக்குக் காற்று தெற்கே போகும் பாய்க்குத் துணை. ஆனி, ஆடியில் எதிர்க்காற்று. காற்று ஒத்துழைக்காவிட்டால் நீளக் கழியை அடியில் ஊன்றித் தள்ள வேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுக்க வேண்டும்.

அடுத்தது குடிதண்ணீர். சுற்றிலும் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. கடலோடு தொடர்புள்ள கால்வாய், உப்புக் கரிக்கும். பானையில் கொண்டுபோக வேண்டியதுதான். பிறகு சாப்பாடு. புளியோதரை இரண்டு வேளை தாங்கும், தயிர்சாதம் ஒரு வேளைதான் தாங்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

வழியில் லாக்குகள் வரும். லாக்கு என்பது முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு தொட்டி. ஆறும் கழியும் குறுக்கிடும் இடத்தில் கடல் ஏற்ற இறக்கத்தால் நீர்மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். தோணியை உள்ளே விட்டு, பின் கதவைச் சாத்தி, நீரை ஏற்றியோ இறக்கியோ மட்டத்தைச் சரிசெய்து முன் கதவைத் திறப்பார்கள். அவசரக்காரர்களுக்கு இது சோதனை. ஆற அமரப் போகிறவனுக்கு இதுவும் ஒரு வேடிக்கை.

நகரத்தில் தோணி பல வாராவதிகளுக்கு அடியில் நுழைந்து போகும். அதில் ஒரு வாராவதியின் பெயர்க் கதை ரொம்பப் பிரசித்தம். 'ஹாமில்டன்' என்ற துரை பெயர் நம் ஜனங்கள் வாயில் 'அம்பட்டன்' ஆயிற்று. அதைக் கேட்ட வெள்ளைக்காரர்கள் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று மொழிபெயர்த்து எழுதிவிட்டார்கள்! அடையாற்றைத் தாண்டினால் திருவான்மியூர், சோழிங்கநல்லூர், முட்டுக்காட்டுக் கழி, கேளம்பாக்கத்து உப்பளங்கள், அப்புறம் மாமல்லபுரம். கால்வாய் ஊருக்கு மேற்கே போகிறது. கரையேறிக் கொஞ்ச தூரம் நடந்தால் பல்லவர் காலம்.

பாவேந்தர் பார்த்த தோள்கள்

இப்படிப் போனவர்களில் ஒருவர் அதைப் பாட்டாக எழுதி வைத்தார். 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையில் தோணி ஏறி மாமல்லபுரம் போனார். உடன் போனவர்களில் ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, அவர் துணைவியார் குஞ்சிதம் ஆகியோர் இருந்தனர். பாட்டின் பெயர் 'மாவலிபுரச் செலவு'.

உல்லாசப் பயணப் பாட்டுதான். வானம், நீர், வெளிச்சம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அதற்கு நடுவே கவிஞர் கண் ஒரு மனிதன் மேல் போய் நிற்கிறது. கரையில் கயிற்றைத் தோளில் மாட்டித் தோணியை இழுத்துக்கொண்டு நடக்கும் ஆள். பார்த்த நெஞ்சு உறுத்துகிறது என்கிறார். தாம் சொகுசாக உட்கார்ந்திருக்க, இன்னொருவன் உடம்பு தேய்கிறதே என்ற உறுத்தல்.

இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தாது வருஷம்தான் நினைவுக்கு வருகிறது. கால்வாய் வெட்டி 56 வருஷம் கழித்து அந்தத் தோணி போகிறது. வாய்க்காலை வெட்டியது பசித்தவன் கை, தோணியை இழுத்தது கூலிக்காரன் தோள். செலவு போனவர்கள் ஒரு கூட்டம், செலவைத் தாங்கியவர்கள் வேறு கூட்டம். தலைப்பில் உள்ள 'செலவு' என்ற சொல்லைக் கவிஞர் பயணம் என்ற பொருளில்தான் வைத்தார். கயிறு இழுத்தவனைப் பாட்டுக்குள் கொண்டுவந்ததால் நமக்கு இரண்டாவது பொருளும் காதில் விழுகிறது.

"என்ன சார், ஜாலியா டூர் போறதைப் பற்றி எழுதச் சொன்னா, அழ வைக்கிறீங்களே!" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்கக்கூடும். டூர் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாவேந்தரும் சொல்லவில்லை. போனார், ரசித்தார், கூடவே கரையையும் பார்த்தார். அவ்வளவுதான்.

கால்வாய் போன கதை

தோணிக்கு முதல் போட்டி ரயில். கால்வாய்க்கு இணையாகச் சென்னை - விஜயவாடா பாதை 1899-ல் இணைந்தது. பிறகு லாரி வந்தது. 1965-66-லும் 1976-லும் அடித்த புயல்கள் கால்வாயைப் பல இடங்களில் சிதைத்தன, மணல் மூடியது. பழுது பார்க்க ஆளில்லை. நகரத்துக்குள் ஊர்ச் சாக்கடை எல்லாம் அதில் வந்து விழுந்தது. நாங்கள் படித்த காலத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாலத்தைக் கடப்போம்.

பிறகு பறக்கும் ரயில். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997-ல் திருமயிலை வரை. அதன் தூண்களை நகரின் நடுவே வேறெங்கே நடுவது? வீடுகளை இடித்தால் வழக்கு வரும், கால்வாய்க்கு வக்கீல் கிடையாது. நீர்வழியிலேயே தூண்களை இறக்கினார்கள். ரயில் நமக்கு வேண்டியதுதான், நானும் அதில்தான் வருகிறேன். ஆனால் வாய்க்கால் இன்னும் குறுகியது. மழை நாளில் வெள்ளம் வடிய வேண்டிய வழி அது என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எல்லாரும் திடீரென்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே ஒரு தடவை அது தன்னை நினைவுபடுத்தியிருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, கடலுக்கு இணையாக ஓடும் இந்தக் கால்வாய் உள்ளே வந்த நீரைப் பல இடங்களில் வாங்கித் தேக்கி, திருப்பி அனுப்பியது என்றும், அதனால் பல உயிர்கள் தப்பின என்றும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 127 வருஷத்துக்கு முன்னால் தோண்டியவர்களில் ஒருவருக்கும் சுனாமி என்ற சொல்லே தெரிந்திருக்காது.

2008-ல் மத்திய அரசு இந்தக் கால்வாயைச் சேர்த்துக் காக்கிநாடா - புதுச்சேரி நீர்வழியைத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தது. அறிவிப்பு நல்ல அறிவிப்பு. நம் பேட்டையில் தோணி இன்னும் வரவில்லை. தண்ணீரில் போக ஆசைப்படுகிறவர்கள் முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத்துறைக்குப் போகலாம். கால்வாய் கழியோடு கலக்கும் பகுதி அது. பாவேந்தரின் தோணி போன வழியில் ஒரு கீற்று அங்கே இன்னும் சுத்தமாக இருக்கிறது.

இன்றைய மாணவர்களுக்கு, குறிப்பாகச் சரித்திரமும் தமிழும் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூவத்திலிருந்து அடையாறு வரை அந்த எட்டு கிலோமீட்டரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையோரமாக நடந்து பாருங்கள். எந்த வாராவதி எந்த வருஷம் கட்டியது, எங்கே கரை இருந்தது, எங்கே குடிசை வந்தது, அங்கே இருப்பவர்கள் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தவர்கள் என்று கேட்டு எழுதுங்கள். கரையில் வாழும் பெரியவர்களிடம் கேட்டால், தோணி பார்த்த கண்கள் ஒன்றிரண்டு இன்னும் கிடைக்கலாம். நாளாக நாளாக அது கிடைக்காது. நூலகத்தில் தாது வருஷத்து அரசாங்க அறிக்கைகளும் வில்லியம் டிக்பியின் பஞ்ச வரலாறும் இருக்கின்றன. எடுத்துப் படிப்பவர்கள்தான் குறைவு.

எழுதினதை அடுத்த மலருக்குக் கொடுங்கள். டாக்டர் பட்டம் வாங்குகிற அளவுக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போட்டோவோடு நாலு பக்கம் போதும். அச்சுச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.